ரோஜாத் தோட்டத்தில் விழுந்த நூலகம்

நாத்தனார் ஒருத்தி தன் அண்ணியைப் புகழ்ந்து எழுத உட்கார்ந்தால், உடம்பு ஏதும் சரியில்லையா என்றுதான் கேட்பார்கள். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அண்ணியோடு இத்தனை வருஷம் ஒரே வீட்டில் மல்லுக்கட்டியவள் நான். இப்போதுகூடச் சமையலறை ஜன்னல் விஷயத்தில் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அப்படி இருந்துகொண்டேதான் இதை எழுதுகிறேன்.

அண்ணி கட்டடக்கலை படித்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் வீட்டுக் குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கதவு தப்பான பக்கம் திறக்குது" என்றாள். வீட்டைக் கட்டிய எங்கள் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, அவரே ஆளைக் கூப்பிட்டுக் கதவைக் கழற்றி மறுபக்கம் மாட்டினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் வாளியில் கால் இடித்துக்கொள்ளவில்லை என்பதையும் நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தெருவில் அவளுக்கு ஸ்கேலம்மா என்று பெயர். நடந்து போகும்போதே அடுத்தவர் வீட்டு மதிலையும் படியையும் கண்ணால் அளந்துகொண்டு போவாள். கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். கடைக்காரர் அலமாரியைக் கோணலாக மாட்டியிருந்தால் சாமான் வாங்காமலே திரும்பிவிடுவாள்.

பல வருஷம் ஒரு பெரிய கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அவர்கள் வரையும் ஒவ்வொரு தாளிலும் கீழே வலது மூலையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். வரைந்தது யார் என்பதற்கான இடம் அது. அண்ணி வரைந்த பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் அந்தப் பெட்டியில் பெரியவர் பெயர்தான். அவர் அலுவலகத்தை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்த பிறகு, அண்ணி தன் மேஜையை எங்கள் முன்னறையில் போட்டாள். வந்த வேலையெல்லாம் மாடியில் ஓர் அறை, தண்ணீர்த் தொட்டிக்கு ஏணி, காருக்கு ஒரு ஷெட்டு, இப்படித்தான்.

"இப்ப பெட்டியில என் பேரு இருக்கு. பெட்டிக்கு மேல கார் ஷெட்டு இருக்கு" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

என் அண்ணன் எங்கள் ஊர்க் கல்லூரியில் கணக்கு வாத்தியார். கல்லூரி ரொம்பப் பழையது, பெயர் பெற்றது. நடுவில் மணிக்கூண்டு. அதற்கு இந்தப் பக்கம் எத்தனை வளைவோ அந்தப் பக்கமும் அத்தனை. பாதியை மையில் வரைந்து தாளை நடுவில் மடித்து அழுத்தி எடுத்ததுபோல இரண்டு பாதியும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும். முன்னால் அகலமான கல்படிகள், உள்ளே செங்குத்தாக ஒரு மாடிப்படி. வகுப்புகள் எல்லாம் மாடியில். அண்ணனின் வகுப்பு, முன்னால் நின்று பார்த்தால் இடப்பக்கக் கோடி. அவன் பாடம் நடத்தினால் வெளிக்கேட்டில் நிற்கிறவனுக்கும் கேட்கும். அப்படி ஒரு குரல்.

பஸ் நிறுத்தத்தில் பின்னால் வந்த லாரி அவன் இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டது. உயிர் பிழைத்துச் சக்கர நாற்காலியில் கல்லூரிக்குத் திரும்பினான். முதல்வர் நல்ல மனிதர், கெட்டது நினைக்காதவர். கீழ்த்தளத்தில் சாமான் அறைக்குப் பக்கத்தில் ஓர் அறையை ஒழித்து, "உங்க வசதிக்காகத்தான் சார்" என்று கொடுத்தார். குப்பைத் தொட்டிகளைத் தாண்டிப் பின்வாசல் வழியாக அங்கே போகவேண்டும். கணக்கில் தேறாத நாலைந்து பிள்ளைகளை மட்டும் அவனிடம் அனுப்பினார்கள். ஒரு தடவை விழாவுக்கு அவனை நாற்காலியோடு தூக்கி மாடி ஏற்றினார்கள். மறு தடவை கூப்பிட்டபோது, "நான் மூட்டை இல்ல" என்று சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு வீட்டிலும் அவன் குரல் இறங்கிப்போனது. உப்பு கேட்டால்கூட முணுமுணுப்பான்.

இந்த நிலையில்தான் கல்லூரி, புதிதாக ஒரு நூலகம் சேர்த்துக் கட்டத் தீர்மானித்து மூன்று பேரிடம் வரைபடம் கேட்டது. மூன்று பேரில் அண்ணியும் ஒருத்தி. கல்லூரியின் வலப்பக்கக் கோடியில் இருக்கிற சைக்கிள் கொட்டகைக்குக் கூரை வரைந்து கொடுத்தவள் அவள்தான் என்பதால் பெயரைச் சேர்த்திருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், நூலகம் வரவேண்டிய இடமும் அந்தக் கொட்டகைதான். தான் கட்டியதைத் தானே இடித்துவிட்டு வரையவேண்டும்.

மற்ற இரண்டு பேரும் என்ன வரைகிறார்கள் என்று காற்றுவாக்கில் செய்தி வந்தது. இரண்டிலும் புத்தகம் ஏற்றுவதற்கு ஒரு குட்டி லிப்ட் உண்டு. ஆள் ஏற்றுவதற்கு இல்லை. புத்தகம் மாடிக்குப் போகலாம், கணக்கு வாத்தியார் போகக் கூடாது. அண்ணியின் வரைபடத்தில் ஆள் ஏறும் லிப்ட் இருந்தது. நூலகம் எப்படியும் யாராவது கட்டிவிடுவார்கள். என் அண்ணன் திரும்ப மாடிக்குப் போவானா மாட்டானா என்பதுதான் எங்கள் வீட்டில் கேள்வி.

கல்லூரி ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தது. இடப்பக்கத் தோட்டத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. கல்லூரி நிற்பது ஒரு மேட்டின் சரிவில். அந்தக் காலத்தில் மேட்டை வெட்டிச் சமப்படுத்திக் கட்டியிருக்கிறார்கள். இடப்பக்கம் வெட்டாமல் விட்ட மேடு அப்படியே உயரமாக நிற்கிறது. மண் சரியாமல் ஒரு கல்சுவர் அதைத் தாங்குகிறது. சுவருக்கும் கட்டடத்துக்கும் நடுவில் ஒரு குறுகலான சந்து. மேட்டின் மேல் முதல்வர் தன் கையால் வளர்க்கிற ரோஜாத் தோட்டம். அதை ஒட்டி மேல் ரோடு, பஸ் நிறுத்தம். நானும் அண்ணனும் தினமும் அந்தத் தோட்டத்துக் கேட்டைத் தாண்டித்தான் கீழே இறங்கி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கு வருவோம்.

அண்ணி வரைகிற முறையையும் இங்கே சொல்லவேண்டும். கட்டடம் ஒரு தாளில், மண்ணும் மரமும் ரோடும் இடிக்கவேண்டிய கொட்டகையும் ஒரு தாளில், எழுத்தும் பெட்டியும் ஒரு தாளில். மூன்றும் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற தாள்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நகல் எடுத்தால் ஒரே படமாகிவிடும். படத்துக்குள் ஓர் எழுத்துக்கூட எழுதமாட்டாள். "எழுத்தப் பாத்தா கண்ணு படிக்கப் போயிடும், கட்டடத்தப் பாக்காது" என்பாள். மை கலையக்கூடாது என்று கட்டடத் தாளின் பின்பக்கத்தில்தான் பென்சிலால் நிழல் பூசுவாள்.

படத்தை ஒப்படைக்கிற அன்று காலையில் வீட்டில் சண்டை. அண்ணன் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லிப்ட் நல்லாத்தான் இருக்கு. கரண்டு போனா?"

"போனா வரும்."

"அது வர்ற வரைக்கும் நான் நடுவுல தொங்கணுமா? பசங்க கீழ நின்னு அண்ணாந்து பாப்பாங்க."

"ஏங்க, ஒரு நாளாவது நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கீங்களா?"

"இப்பதானே நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"அது சொன்னதா? பின்னாலயே ஒரு கேள்வியத் தொங்கவிட்டீங்களே."

அண்ணன் வாயிலிருந்து பாராட்டு வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. அதிலும் அவன் கேட்டது நியாயமான கேள்வி, எங்கள் ஊரில் கரண்டு நினைத்தால் போகும். நியாயமான கேள்விக்குத்தான் அண்ணிக்கு அதிகமாகக் கோபம் வரும். தாள்களை வாரிச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். சுருள் தூக்குவதற்கு ஆள் வேண்டுமே, அலுவலகத்துக்கு லீவு போட்டு, அண்ணனை ஆட்டோவில் கல்லூரிக்கு ஏற்றிவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

நகல் கடையில், தாளில் படம் பதிய வைக்கிற அமோனியாவின் நெடி மூக்கைப் பிய்த்தது. அண்ணி வாய்க்குள் அண்ணனைத் திட்டிக்கொண்டே மூன்று தாள்களையும் அடுக்கி ஓரங்களைச் சரிபார்த்துக் கொடுத்தாள். நகல் ஈரம் காயுமுன்பே சுருட்டிக்கொண்டு பஸ் பிடித்தோம். பிரித்துப் பார்க்கவில்லை. அவள் தப்பே செய்யமாட்டாள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கல்லூரி மாடியில் வரைபடம் தேர்ந்தெடுக்கிற குழு கூடியிருந்த அறையில் பலகையில் படத்தைக் குத்தியது நான்தான். முதல்வர் இருந்தார். குழுத் தலைவர் இருந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிற மனிதர். இன்னும் ஓரிரண்டு பேர். அண்ணி படத்துக்கு முதுகைக் காட்டி நின்று பேச ஆரம்பித்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"என் ரோஜாவெல்லாம் எங்கம்மா?"

அண்ணி திரும்பிப் பார்த்தாள். சைக்கிள் கொட்டகை பத்திரமாக அதன் இடத்திலேயே நின்றது. நூலகம் இடப்பக்கம் போய், ரோஜாத் தோட்டத்தின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

அண்ணிக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. கோபத்தில் கட்டடத் தாளை மட்டும் நிழல் பூசிய பக்கம் மேலே வரும்படித் திருப்பி வைத்திருக்கிறாள். வேறு எந்தக் கட்டடமாக இருந்தாலும் அடுக்கும்போதே கோணல் தெரிந்திருக்கும். இது இரண்டு பாதியும் ஒன்றாக இருக்கிற கட்டடம். திருப்பிப் போட்டாலும் மண் தாளோடு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. புதிய பகுதி மட்டும் பக்கம் மாறிவிட்டது.

"தோட்டத்துல கை வெக்கக் கூடாதுன்னு தெளிவா சொல்லியிருந்தோம்" என்றார் தலைவர், கடிகாரத்திடம்.

"தாள் திரும்பிப் போச்சு. என் தப்புதான்" என்றாள் அண்ணி.

அவள் முகம் வெளுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. படத்தைக் கழற்றுவதற்கு நான் எழுந்தேன். அவள் கையை நீட்டி என்னை நிறுத்தினாள். கண் படத்தை விட்டு நகரவில்லை. மேட்டின் உயரத்தைக் காட்ட மண் தாளில் அவளே வரைந்த வளைகோடுகள், நூலகத்தின் வாசல் வரைக்கும் வந்து நின்றன. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையிலிருந்து பென்சிலை எடுத்தாள்.

"ஆனா இந்தத் தப்பு, நான் போட்ட சரியவிட நல்லா இருக்கு."

அறையில் யாரோ சிரித்தார்கள். அண்ணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. நகலின் ஓரத்திலேயே விறுவிறுவென்று வரைந்தாள். மேடு, கல்சுவர், சந்து, பக்கத்தில் கட்டடம். மேட்டின் தலையிலிருந்து மாடி நடைபாதைக்கு ஒரு கோடு இழுத்தாள். அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"தோட்டத்துத் தரையும் மாடித் தரையும் ஏறக்குறைய ஒரே மட்டம். மேல் ரோட்டுலேந்து நேரா நடந்து வந்தா மாடிக்கே வந்துடலாம். நடுவுல ஒரு சின்னப் பாலம், நடைபாதையோட கடைசி ஜன்னல் இருக்கற இடத்துல ஒரு கதவு. படி வேணாம், லிப்ட் வேணாம். கரண்டு போனாலும் கவலையில்ல."

தலைவர் முதல் தடவையாகக் கடிகாரத்தை விட்டுவிட்டு அண்ணியைப் பார்த்தார். "அம்மா, வெளிப்படையாக் கேக்கறேன். இதெல்லாம் உங்க வீட்டுக்காரருக்காகத்தானே?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். இல்லை என்று சொல்லுவாள், பொதுநலம் என்று ஏதாவது சொல்லுவாள் என்று நினைத்தேன்.

"ஆமா. அவருக்காகத்தான். அவர் ஏற முடிஞ்ச இடத்துக்கு எல்லாராலயும் ஏற முடியும். வேற மாதிரி வரைஞ்சா அவரால மட்டும் முடியாது. எது நல்ல வரைபடம்னு நீங்களே சொல்லுங்க."

தலைவர் மறுபடி கடிகாரத்துக்குத் திரும்பினார். முதல்வர் மட்டும் தாழ்ந்த குரலில், "ஒரே மட்டம்னு சொல்றீங்க. கோடுதானேம்மா அது" என்றார். ரோஜா மேல் அவருக்கு உயிர். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"வாங்க, ஜன்னல்ல வந்து பாருங்க" என்றாள் அண்ணி. என் பக்கம் திரும்பினாள். "நீ ஓடு. உங்க அண்ணனக் கூட்டிக்கிட்டு மேல் ரோடு வழியாத் தோட்டத்துக்குப் போ."

ஓடினேன். அண்ணன் சாமான் அறைக்குப் பக்கத்தில் தனியாகப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தான். ஒன்றும் சொல்லாமல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்வாசலைத் தாண்டினேன்.

"எங்க கூட்டிட்டுப் போற?"

"ரோஜா பாக்க."

"நான் ரோஜா பாக்கற நிலைமையிலயா இருக்கேன்?"

"வாய மூடிக்கிட்டு வா அண்ணா. மேடு ஏத்தறது நான்."

மேல் ரோட்டுக்கு வந்து சேர்வதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கேட்டில் கொண்டி மட்டும்தான். திறந்து, பாத்திகளுக்கு நடுவே கல்சுவர் ஓரம் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். சந்துக்கு அந்தப் பக்கம் மாடி நடைபாதையின் கடைசி ஜன்னல். அதில் முதல்வரும் தலைவரும் அண்ணியும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் அண்ணாந்து பார்க்கவில்லை. அவர்கள் குனிந்து பார்க்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஆளும் மாடியில் நிற்கிற ஆட்களும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணன் அவர்களை விட்டுவிட்டுப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தான். அது அவனுடைய பழைய வகுப்பு. உள்ளே பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் இன்னும் வரவில்லை. ஒருவன் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"டேய்." அந்தக் குரல் சந்தைத் தாண்டிச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. "மூணாவது வரியப் பாரு. அந்தப் பக்கம் கொண்டுபோனியே, மைனஸ் எங்க?"

வகுப்பு மொத்தமும் ஜன்னலுக்கு ஓடிவந்தது. அந்தப் பையன் பலகையைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், அவசரமாகத் துடைத்துத் திருத்தினான். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். எத்தனையோ நாளாக உப்புக்கு முணுமுணுத்த வாயிலிருந்து அந்தக் குரல் வந்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முதல்வர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தோட்டத்தைப் பார்த்தார். அவர் சொன்னது சந்துக்கு இந்தப் பக்கமும் தெளிவாகக் கேட்டது.

"அந்த மஞ்ச ரோஜாவ மட்டும் வேர் அறுபடாம எடுத்து முன்பக்கம் வெக்க முடியுமாம்மா?"

"எல்லாத்தையுமே வெக்கலாம் சார். இடம் நான் வரைஞ்சு தர்றேன்" என்றாள் அண்ணி.

"அப்ப சைக்கிள் கொட்டகை?" என்று கேட்டார் தலைவர்.

"அது நிக்கட்டும். அதுவும் நான் வரைஞ்சதுதான்."

அந்த வாரமே வேலை அண்ணிக்கு என்று முடிவாகிவிட்டது. செய்தி வந்த அன்று அவள் வீட்டுக்குள் நடந்த நடையைப் பார்க்கவேண்டுமே, தரையில் கால் பாவவில்லை. தெருவில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நானே வலியப் போய்ச் சொன்னேன்.

கட்டி முடிக்கிற வரைக்கும் அவளைப் பிடிக்க முடியவில்லை. கொத்தனாரோடு சண்டை, தச்சரோடு சண்டை. பழைய ஜன்னலிலிருந்து பெயர்த்த கற்களை வீசக் கூடாது என்று அவற்றின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். புதிய கதவின் வாசலுக்கு அதே கற்களைத்தான் பதித்தார்கள். தோட்டத்துத் தரை ஒரு சாண் தாழ்வாக இருந்ததால் கேட்டிலிருந்து பாலம் வரைக்கும் தரையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றவேண்டியிருந்தது. போட்ட தரையை இரண்டு தடவை உடைக்கவைத்தாள்.

"நல்லாத்தானேம்மா இருக்கு?" என்று கொத்தனார் நொந்துகொண்டார்.

"கண்ணுக்கு நல்லா இருக்கு. கைக்குத் தெரியும். சக்கரத்தத் தள்றவங்க கைக்குத் தெரியக் கூடாது" என்றாள்.

திறப்பு நாளன்று பெரிய மனிதர்கள் எல்லாம் கல்படியேறி முன்வாசல் வழியாக வந்தார்கள். பிள்ளைகள் மேல் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகப் பாலத்தில் நடந்து வந்தார்கள். இப்போது அதுதான் கல்லூரிக்கு வாசல். முன்படியில் போட்டோ பிடிக்கிறவர்கள்தான் நிற்கிறார்கள். நூலகத்துச் சுவரில் வரைபடத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். வலது மூலைப் பெட்டியில் அண்ணியின் பெயர். அதற்கு மேல் கார் ஷெட்டு இல்லை. நான் அதன் முன்னால் தேவைக்கு அதிகமாகவே நின்றேன்.

முதல்வர் திருப்பிக் கொடுத்திருந்த பழைய வகுப்பின் பிள்ளைகளோடு பிள்ளையாக அண்ணன் வந்தான். தள்ளப்போன என்னை, "விடு" என்றான். கேட்டைத் தாண்டினான். ரோஜா இருந்த இடத்தில் நிற்கிற நூலகத்தைத் தாண்டினான். பேசிக்கொண்டே பாலத்தைக் கடந்து, பழைய ஜன்னல் இருந்த இடத்துக் கதவில் நுழைந்து, மாடி நடைபாதைக்கு வந்தான். அண்ணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள். நான் அவன் பின்னாலேயே வந்து சேர்ந்தேன்.

"சாய்வு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அண்ணன் திரும்பிப் பார்த்தான். யோசித்தான். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"எந்தச் சாய்வு?"

அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணன் பயந்துபோய் என்னைப் பார்த்தான்.

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?"

"ஒண்ணும் தப்பாச் சொல்லல. இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் சரியாச் சொல்லியிருக்க. போ, போய் கிளாஸ் எடு" என்றேன்.

போனான். கொஞ்ச நேரத்தில் பாடம் ஆரம்பமாகிவிட்டது. மேல் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் அன்று கணக்குப் பாடம் கேட்டார்கள்.